கயிறும் பேனாவும்: ஐரோப்பியச் சித்திரவதைக் கருவிகள் குறித்துச் சில குறிப்புகள்

ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்கள் பலரும் அந்த 'இரும்புக் கன்னி'யை ஏதோவொரு நகரத்தில் பார்த்திருப்பார்கள். ஆளுயரத்தில் ஒரு பெட்டி. மேலே பெண்ணின் முகம். கதவைத் திறந்தால் உட்புறமெங்கும் நீண்ட ஆணிகள். குற்றவாளியை உள்ளே நிறுத்திவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்துவார்களாம். ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் உறவினரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. அம்ஸ்ரர்டாம், பிராக், இத்தாலியின் சான் ஜிமிஞானோ என்று பல ஊர்களில் இதற்கென்றே கண்காட்சிகள் தோன்றின. நுழைவுச்சீட்டு வாங்கி, மங்கல் வெளிச்சத்தில் நடந்து, வாய்க்குள் விரியும் பேரிக்காய்க் கருவியையும் முள் நாற்காலியையும் பார்த்து, 'அந்தக் காலத்தில் என்ன கொடூரம்' என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிடலாம். நாமும் அப்படித்தான் செய்தோம்.

ஆனால் இந்த இரும்புக் கன்னி மத்திய காலத்தில் வாழ்ந்தவளே இல்லை. 1793ஆம் ஆண்டில் யொஹான் பிலிப் சீபன்கேஸ் என்ற ஜேர்மன் பேராசிரியர், நூரன்பேர்க் நகரத்தில் 1515 ஓகஸ்ட் 14ஆம் திகதி கள்ளநாணயம் அடித்த ஒருவனை ஆணிகள் பதித்த பெட்டிக்குள் அடைத்துக் கொன்றார்கள் என்று எழுதினார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு 278 வருடங்களுக்குப் பிறகு! அதற்கு முந்திய நீதிமன்ற ஏடுகளில் இப்படியொரு பெட்டி பற்றிய பேச்சே கிடையாது. கதை பிறந்த பின்னர்தான் பெட்டி பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய சாமான்கள் சேர்ப்பவர்கள் கதைக்கு ஏற்றாற்போல ஒன்றைச் செய்வித்து நூரன்பேர்க்கில் காட்சிக்கு வைத்தனர். அது இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தது. இன்னொன்று கடல் கடந்து 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கும் போய் வந்தது. ரோதன்பூர்க் நகரத்தின் குற்றவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது, உண்மையில் 'அவமான அங்கி' வகையைச் சேர்ந்த ஒரு மரப் பீப்பா. சிறு குற்றம் செய்தவர்களை அதை அணிந்துகொண்டு ஊர் பார்க்க நிற்கவைப்பார்கள். ஆணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிக்கப்பட்டவை. அந்த அருங்காட்சியகம் இதை மறைக்காமல் சொல்லியிருப்பது பாராட்டத்தக்கது.

பேரிக்காய்க் கருவியின் கதையும் இதுவே. பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு எழுத்தொன்றில் கொள்ளைக்காரர் ஆட்களின் வாயை அடைக்கப் பாவித்த பொருளாக அது தலைகாட்டுகிறது. அதை நீதிமன்றம் பாவித்ததற்கு மத்திய காலச் சான்று எதுவும் இல்லை.

அப்படியானால் ஐரோப்பாவில் சித்திரவதை நடக்கவில்லையா? நடந்தது. நாம் நினைப்பதைவிட நீண்ட காலம், நாம் நினைப்பதைவிட ஒழுங்காக நடந்தது. ஆனால் அதற்கு இவ்வளவு வேலைப்பாடான இயந்திரங்கள் தேவைப்படவில்லை. ஒரு கயிறு, ஒரு உருளை, கட்டித் தொங்கவிட ஒரு கல், இரண்டு இரும்புப் பட்டைகளை இறுக்க ஒரு திருகாணி. அவற்றோடு ஒரு மேசை, மேசையில் காகிதம், மைக்கூடு, எழுதுவதற்கு ஒரு ஆள். கண்காட்சிகளில் கயிறுகூட இருக்கும். மேசையைத்தான் காணோம். இக்கட்டுரையில் நாம் அந்த மேசையைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறோம்.

இதன் தொடக்கம் விசித்திரமானது. ஒரு சீர்திருத்தத்திலிருந்து இது தொடங்கியது. அதற்கு முன்னர் ஐரோப்பாவின் பல பகுதிகளில் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கடவுளிடம் விடப்பட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்திச் சில அடி தூரம் நடக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் ஆறத் தொடங்கியிருந்தால் நிரபராதி, சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. இரும்பை ஆசீர்வதிப்பதற்குப் பாதிரியார் வேண்டும். 1215ஆம் ஆண்டு ரோமில் கூடிய நான்காவது லாத்தரன் பொதுச்சங்கம், பாதிரிமார் இனிமேல் இந்தச் சடங்குகளில் பங்குகொள்ளக்கூடாது என்று தீர்மானித்தது. கடவுள் நீதிமன்றத்தை விட்டு வெளியேறிய பின்னர் தீர்ப்பு முழுவதும் மனிதர்களின் கைக்கு வந்தது.

மனிதன் தவறு செய்யக்கூடியவன் அல்லவா? ஆகவே சட்ட அறிஞர்கள் மிகக் கடுமையான ஒரு விதியை வகுத்தார்கள். மரணதண்டனைக்குரிய குற்றமென்றால் கண்ணால் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும், அல்லது குற்றவாளியே தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். இரத்தம் தோய்ந்த கத்தியோடு பிடிபட்டாலும் அது அரைச் சாட்சியம்தான், முழுச் சாட்சியம் ஆகாது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இரவிலே செய்யப்படும் கொலைக்கு இரண்டு சாட்சிகளை எங்கே தேடுவது? மிச்சமிருந்த வழி ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றுதான். வாக்குமூலத்தைச் சாட்சியங்களின் அரசி என்றே அழைத்தார்கள். அரசியை அழைத்துவருவதற்குக் கயிறு எடுக்கப்பட்டது. இத்தாலியின் வெரோனா நகரச் சட்டத்தில் 1228இலேயே இது வந்துவிடுகிறது. 1252இல் பாப்பரசர் நான்காம் இன்னசென்ற், மதவிரோதிகளை விசாரிக்கும்போதும் இதைப் பாவிக்கலாம் என்று அனுமதித்தார். அவயவம் போகக்கூடாது, உயிர் போகக்கூடாது என்ற நிபந்தனைகளும் கூடவே விதிக்கப்பட்டன.

இங்கிலாந்தைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். அங்கே ஊரவர் பன்னிருவரைக் கொண்ட யூரர் முறை வளர்ந்தது. அவர்கள் சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்தே ஒருவனைக் குற்றவாளி எனத் தீர்க்கலாம், ஒப்புதல் அவசியமில்லை. எனவே வழக்கமான நீதிமன்றங்களில் சித்திரவதை வேரூன்றவில்லை. 1540க்கும் 1640க்கும் இடைப்பட்ட நூறு வருடத்தில் அரச சபை கொடுத்த சித்திரவதைக் கட்டளைகள் ஏறத்தாழ எண்பதுதான் கணக்கில் தெரிகின்றன. பெரும்பாலும் அரசுக்கு எதிரான சதி வழக்குகள். 1605இல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கை போக்ஸ் இதில் பிரபலமானவர். மென்மையான சித்திரவதைகளை முதலில் செய்து படிப்படியாக மேலே போகுமாறு அரசர் ஜேம்ஸ் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். போக்ஸ் வைத்த இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. முதலாவது ஒரு பெயரே இல்லை, புழு ஊர்ந்த தடம் போன்ற ஒரு கீறல். சில நாட்களுக்குப் பிந்தியது ஒழுங்காக உள்ளது. ஆங்கிலேயர் மற்றவர்களைவிட இரக்கமுள்ளவர்கள் என்று இதிலிருந்து நாம் முடிவெடுக்கத் தேவையில்லை, அவர்கள் ஏராளமானோரைத் தூக்கிலிட்டவர்கள்தாம். அவர்களது சட்டம் வாக்குமூலத்தைக் கேட்கவில்லை, அவ்வளவே.

ஜேர்மன் நாடுகளில் சட்டம் கேட்டது. 1532இல் ஐந்தாம் சார்ள்ஸ் சக்கரவர்த்தியின் பெயரில் வெளியான 'கரோலினா' என்ற குற்றவியல் சட்டத்தில் சித்திரவதைக்குப் பெயர் 'பைன்லிஹெ ஃபிராகெ'. வலியுள்ள கேள்வி என்று பொருள். பிரெஞ்சுக்காரர் அந்த அடைமொழியையும் விட்டுவிட்டு வெறுமனே 'கேள்வி' என்றார்கள். கரோலினாவின் 58ஆம் பிரிவு சொல்வது இது: எத்தனை தடவை, எவ்வளவு கடுமையாக என்பதை நல்ல, புத்தியுள்ள நீதிபதியின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட வேண்டும். வேதனையில் இருக்கும்போது அவர் சொல்வதை எழுதக்கூடாது, இறக்கிவிட்ட பின்னர் சொல்வதையே எழுத வேண்டும். அதன்பிறகு வேறொரு நாளில், சித்திரவதைக்கூடத்துக்கு வெளியே, அந்த வாக்குமூலத்தை அவர் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். மறுத்தால்? திரும்பவும் கீழே கூட்டிப்போகலாம்.

கயிறு, திருகாணி எல்லாவற்றையும்விட இந்த ஒழுங்குகள்தாம் எம்மை அதிகம் பயமுறுத்துகின்றன. ஆத்திரத்தில் அடிப்பவனுக்குக் கை வலித்தால் நிறுத்திவிடுவான். இங்கே ஆத்திரம் என்பதே இல்லை. விடுபட்ட விளிம்புகளில் தேதி போட்டு, ஒரு பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் பதில் என்று எழுதப்பட்ட ஏடுகள் ஆயிரக்கணக்கில் ஜேர்மனியின் ஆவணக்காப்பகங்களில் கிடக்கின்றன.

நூரன்பேர்க் நகரமண்டபத்துக்குக் கீழே பழைய சிறை இருக்கிறது. 'லொஹ்', அதாவது பொந்து என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே விசாரணை நடந்த அறையை 'தேவாலயம்' என்று அழைத்தார்கள். இதுதான் சிறைக்காரரின் நகைச்சுவை போலும். இரும்புக் கன்னியைக் கண்காட்சியில் தேடிப் போகும் நகரத்தில் உண்மையான இடம் இதுதான். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கைகளைப் பின்புறமாகக் கட்டி, கட்டிய கையில் கயிற்றைப் பிணைத்து மேலே இழுப்பது அன்றைய ஐரோப்பாவெங்கும் இருந்த பிரதான முறை. தோள்மூட்டுக் கழன்றுவிடும். புளோரன்ஸ் நகரத்தில் 1513இல் மாக்கியவெல்லியையும் இப்படித்தான் தூக்கினார்கள். இதற்குச் சிறப்பான கருவி என்று எதைக் கண்காட்சியில் வைப்பது? வளையைக் கொண்டுவந்து வைக்கலாம், கயிற்றை வைக்கலாம். சனம் காசு கொடுத்துப் பார்க்க வராது. கட்டைவிரலை நசுக்கும் திருகாணியும் அப்படித்தான், பாக்குவெட்டியைவிடச் சற்றுப் பெரிது. பொலோஞ்ஞாவின் சட்ட அறிஞர் மார்சிலியுஸ் விபரித்த முறைக்கோ ஒரு சாமானும் வேண்டாம். கைதியை நித்திரைகொள்ள விடாமல் இரவும் பகலும் விழிக்கவைப்பது. இந்த முறைக்கு முதுமை வரவில்லை என்பதை நாம் அறிவோம்.

1578 முதல் நூரன்பேர்க்கின் தண்டனையாளராக இருந்த பிரான்ஸ் சிமித் ஒரு நாட்குறிப்பு எழுதிவைத்தார். யாரை எந்த நாளில் தூக்கிலிட்டேன், யாரைச் சிரச்சேதம் செய்தேன் என்பதெல்லாம் அதில் உண்டு. சித்திரவதை பற்றி அவர் எழுதுவது மிகச் சொற்பம். அது குறிப்பு எழுதும் அளவுக்குப் பெரிய விடயமாக அவருக்குத் தோன்றவில்லை. அவரே நல்ல வைத்தியரும்கூட. முறிவு நெரிவு பார்க்க ஊரவர்கள் அவரிடம் வந்தார்கள். மூட்டைக் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் அதைப் பொருத்தவும் தெரியும்.

கேல்ன் பேராயரின் ஆட்சிப்பகுதியில் 1757இல் வெளியிடப்பட்ட ஒரு விலைப்பட்டியல் இன்னும் இருக்கிறது. தண்டனையாளர் எந்த வேலைக்கு எவ்வளவு காசு கேட்கலாம் என்ற பட்டியல். கருவிகளைக் காட்டிப் பயமுறுத்துவதற்கு ஒரு விலை, முதலாம் படிச் சித்திரவதைக்கு ஒரு விலை. இரண்டாம் படிக்கான விலையில் பின்னர் மூட்டைப் பொருத்துவதும் பூசும் களிம்பும் அடங்கும். றெஸ்ரோரன்ற் குசினியில் நாள் முழுவதும் நிற்கிற எமக்கு விலைப்பட்டியல்கள் பழக்கமானவை. எது தனி, எது சேர்த்தி என்று இவ்வளவு தெளிவாக எழுதிய ஒன்றை நாம் கண்டதில்லை.

கருவிகளைக் காட்டிப் பயமுறுத்துவது என்றோம். அதற்கே சட்டத்தில் தனிப் பெயர் உண்டு, 'தெரிற்சியோ'. வானியல் அறிஞர் யொஹான்னஸ் கெப்லரின் தாய் கத்தரீனாவுக்கு நடந்தது இதுதான். எழுத வாசிக்கத் தெரியாத விதவை. மூலிகை மருந்து கொடுப்பவர், வாய் கொஞ்சம் நீளம். அயல்பெண் ஒருத்தியோடு வந்த பிணக்கு, சூனியக்காரி என்ற வழக்காக முடிந்தது. 1620 ஓகஸ்டில் பிடித்துச் சென்று பதினான்கு மாதங்கள் அடைத்துவைத்தார்கள். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட மகன் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து வழக்கை நடத்தினார். 1621 செப்ரெம்பரில், எழுபதைக் கடந்த அந்த மூதாட்டியைக் குயிக்லிங்கன் என்ற ஊரில் தண்டனையாளரின் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு கருவியாகக் காட்டி, இது இதற்கு, அது அதற்கு என்று விளக்கினார்கள். என் உடம்பின் நரம்புகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார். விடுதலை செய்யப்பட்டு ஆறு மாதத்தில் இறந்துபோனார். ஒரு கருவியும் அவரைத் தொடவில்லை.

கெப்லரைப் போன்ற ஒரு மகன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பம்பேர்க் நகரத்தில் 1612க்கும் 1631க்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சூனிய வழக்குகளில் கொல்லப்பட்டார்கள். ஆண்ட பிஷப் இதற்கென்றே 1627இல் ஒரு சிறைக்கட்டடம் கட்டுவித்தார். அடுத்த வருடம் அங்கே கொண்டுவரப்பட்டவர்களுள் ஒருவர் யொஹான்னஸ் யூனியுஸ். வயது ஐம்பத்தைந்து. நகரபிதாக்களில் ஒருவர். அவரது மனைவியை ஏற்கெனவே கொன்றுவிட்டார்கள்.

யூனியுசின் வழக்கைப் பற்றி எமக்கு இரண்டு காகிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று நீதிமன்ற ஏடு. மற்றது அவர் சிறையிலிருந்து மகள் வெரோனிக்காவுக்கு எழுதிய கடிதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

1628 யூன் 30ஆம் திகதி ஏடு சொல்கிறது: கட்டைவிரல் திருகாணி போடப்பட்டது, கடவுளை மறுதலிக்கவில்லை என்கிறார், திருகாணியில் வலியை உணரவில்லை. கால் திருகாணி போடப்பட்டது, ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, வலியை உணரவில்லை. உடலைச் சோதித்தபோது வலப்பக்கத்தில் நீலநிறத்தில் ஒரு அடையாளம் காணப்பட்டது, மூன்று தடவை குத்தியும் இரத்தம் வரவில்லை. பின்னர் தூக்கப்பட்டார். யூலை 5ஆம் திகதி: சித்திரவதை இல்லாமல், கண்டிப்பான புத்திமதிகளின் பேரில், ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்.

யூலை 24ஆம் திகதியிட்ட கடிதம் அதே நாளைப் பற்றிச் சொல்வது வேறு. இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டித் திருகாணி போட்டார்கள், நகக்கண்களிலிருந்து இரத்தம் ஓடியது, நான்கு வாரமாகக் கையைப் பாவிக்க முடியவில்லை, என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். அதன்பின் கைகளைப் பின்னால் கட்டி எட்டுத் தடவை தூக்கி விழவிட்டார்கள். வானமும் பூமியும் முடிந்துபோயின என்று நினைத்ததாக எழுதுகிறார். திருப்பிக் கூட்டிவந்த தண்டனையாளர் அவரிடம் கெஞ்சுகிறார்: ஐயா, கடவுளுக்காக ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள், உண்மையோ பொய்யோ, எதையாவது யோசித்துச் சொல்லுங்கள், உங்களால் தாங்க முடியாது, தாங்கினாலும் விடமாட்டார்கள், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

யூனியுஸ் யோசிப்பதற்கு ஒருநாள் அவகாசம் கேட்டார். ஒரு பாதிரியாரைக் கேட்டார், அது கிடைக்கவில்லை. யோசித்து ஒரு கதை செய்தார். பிசாசு பெண் வடிவில் வந்தது என்றார். அதோடு விடவில்லை. நடனத்தில் யாரைக் கண்டாய்? ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. அப்படியானால் தெருத்தெருவாகச் சொல், சந்தையிலிருந்து தொடங்கு, இந்தத் தெருவால் போய் அடுத்த தெருவால் வா. ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. என்ன தீங்கு செய்தாய்? ஒன்றுமில்லை. மேலே தூக்குங்கள் இவனை! அதற்குப் பின் பிள்ளைகளைக் கொல்லச் சொன்னார்கள், நான் பதிலாகக் குதிரையைக் கொன்றேன் என்றார். போதவில்லை. நற்கருணை அப்பத்தை எடுத்துப் புதைத்தேன் என்றார். அதன்பிறகு விட்டுவிட்டார்கள்.

'வலியை உணரவில்லை' என்று எழுதிய அந்த எழுத்தரைப் பற்றி நாம் அடிக்கடி யோசிக்கிறோம். அவர் பொய் எழுதினார் என்றுகூடச் சொல்ல முடியாது. சூனியக்காரருக்குப் பிசாசு வலி தெரியாமல் செய்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. ஒப்புக்கொள்ளாதவனுக்கு வலித்திருக்காது, வலித்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பான். அப்படித்தான் அவருடைய கணக்கு. யூலை 5ஆம் திகதி 'சித்திரவதை இல்லாமல்' என்று எழுதியதும் சட்டப்படி சரியே. அன்று கயிறு இழுக்கப்படவில்லை.

இந்த வார்த்தை விளையாட்டைக் கண்டுபிடித்து எழுதியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. இயேசு சபையைச் சேர்ந்த பிரீட்றிஹ் ஸ்பே. 1631இல் ரின்ரெல்ன் என்ற ஊரில் பெயர் போடாமல் வெளியான அவரது 'கவுற்சியோ கிரிமினாலிஸ்' என்ற நூலில், முதற்படிச் சித்திரவதையை மட்டும் செய்துவிட்டு 'சித்திரவதை இல்லாமல் ஒப்புக்கொண்டாள்' என்று எழுதிவிடுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். நாம் எல்லோரும் இன்னும் சூனியக்காரராகாமல் இருப்பதற்குக் காரணம் எம்மைச் சித்திரவதை செய்யாததுதான் என்பதே அவரது வாதம். நீதிபதிகளையும் குருமாரையும் இதே கயிற்றில் தூக்கினால் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

யூனியுசை ஓகஸ்டில் கொன்றார்கள். காவலாளி ஒருவன் மூலமாக வெளியே போன அந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. தனக்கெதிராகச் சாட்சி சொன்ன ஆறு பேரின் பெயர்களை எழுதியிருக்கிறார். ஆறு பேரும் கட்டாயத்தினால் பொய் சொன்னவர்கள், கொல்லப்படுவதற்கு முன்னர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் என்கிறார்.

இதெல்லாம் மத்திய காலம் இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். கெப்லரின் காலம், கலிலியோவின் காலம். இன்னும் கிட்ட வரலாம். 1768இன் கடைசி நாளில் ஒஸ்ரிய அரசி மரியா தெரேசாவின் பெயரில் ஒரு குற்றவியல் சட்டம் கையொப்பமானது. அதன் பின்னிணைப்பில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள். வியன்னா முறை, பிராக் முறை என்று பிரித்து, கட்டைவிரல் திருகாணியின் அளவு, ஏணியில் ஆளை எப்படிக் கட்டுவது, கயிறு எங்கே சுற்றப்பட வேண்டும் எல்லாம் தச்சுவேலைக்குரிய துல்லியத்தோடு வரையப்பட்டுள்ளன. எல்லா நீதிமன்றங்களும் ஒரேமாதிரிச் செய்ய வேண்டும் என்ற அக்கறை! அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன் மொற்சார்ட் அதே வியன்னாவில் இசையமைத்துக்கொண்டிருந்தான். பெக்காரியாவின் நூல் சித்திரவதைக்கு எதிராக வெளிவந்து நான்கு வருடமாகியிருந்தது. பிரஷ்யா 1754இல் முற்றாகக் கைவிட்டிருந்தது. ஒஸ்ரியா 1776இலும், பிரான்ஸ் 1780, 1788 என இரண்டு தவணைகளிலும், பவேரியா 1806இலும் ஒழித்தன.

இப்போது 1793இல் இரும்புக் கன்னி பிறந்ததன் அர்த்தம் விளங்கும். நேற்றுவரை வீட்டில் நடந்த காரியம் அது. படங்களோடு சட்டப்புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. தகப்பன் செய்ததைப் பூட்டனின் பூட்டன் தலையில் கட்டிவிட்டால் நிம்மதி. ஆணிப்பெட்டியைச் செய்து, 'மத்திய காலம்' என்று எழுதி ஒட்டி, காசு வாங்கிக் காட்டினார்கள். மேசையும் எழுத்தரும் அப்படியே காணாமல் போனார்கள்.

இந்த மேசை கப்பலேறி எமது ஊருக்கும் வந்தது. எமது மன்னர்களும் உத்தமர்களில்லை, கழுமரம் என்ற சொல் எமது மொழியிலேயே இருக்கிறது. ஆனால் ஒப்புதலுக்காகச் சித்திரவதை என்ற ஐரோப்பியச் சட்டமுறை, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரோடு வந்தது. ஆங்கிலேயர் 1799 செப்ரெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தில் உரோமன் டச்சுச் சட்டத்தை வைத்துக்கொண்டு சித்திரவதையை மட்டும் ஒழித்தார்கள். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிசாருக்குக் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்றது. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் அந்தக் கதவைத் திரும்பத் திறந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலுள்ளவர் எடுத்தால் வாக்குமூலம் செல்லும், அது கட்டாயத்தில் பெறப்பட்டது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். 1993இல் கைதான சிங்கராசாவின் வாக்குமூலம் அவருக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டது. அவர் அதில் பெருவிரல் அடையாளம் வைத்தார். வேறு சாட்சியம் இல்லாமல் 1995இல் ஐம்பது வருடத் தண்டனை, பின்னர் முப்பத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொல்லியும் இலங்கை உயர்நீதிமன்றம் 2006இல் வழக்கைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது.

சித்திரவதைக் கருவிகளின் வரலாற்றை இவ்வளவு தூரம் இழுத்து எழுதியதற்கு எமக்கு ஒரு காரணம் உண்டு. அகதி விசாரணைக்குப் போனவர்கள் அந்த அறையை மறந்திருக்க மாட்டார்கள். மேசை, கேள்வி கேட்பவர், மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு. எதனால் அடித்தார்கள்? பிளாஸ்ரிக் குழாய். வேறு? பெற்றோல் விட்ட சொப்பிங் பை. வேறு? கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டார்கள். எதில்? கயிற்றில். கேட்பவரின் முகத்தில் ஒருவித ஏமாற்றம் தெரியும். அவரும் சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இரும்புக் கன்னியைப் பார்த்தவராக இருக்கலாம். சித்திரவதை என்றால் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. எமது பக்கத்திலிருந்து சொல்லப்படுவதெல்லாம் வீட்டிலும் கடையிலும் கிடக்கும் சாமான்கள். கடைசியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இரவு வேலை முடிந்து கோப்பைகளை அடுக்கிவைத்துவிட்டுத் தபாலில் வந்த முடிவைப் பிரித்துப் பார்த்தால், விபரங்கள் போதாது, நம்பகமில்லை என்று எழுதியிருக்கும்.

2011இல் பிரித்தானியாவில் புகலிடம் கேட்ட ஒரு தமிழரின் வழக்கு 'கே.வி.' என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுகிறது. முதுகில் ஐந்து நீண்ட தழும்புகள், வலது கையில் இரண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்றார். கையில் சுட்டபோது நினைவிருந்தது, முதுகில் சுட்டபோது மயங்கிவிட்டேன் என்றார். வைத்தியர் பார்த்துவிட்டு, முதுகுத் தழும்புகளின் விளிம்பு நேராக இருக்கிறது, துடிக்காத உடம்பில் சுட்டது, அவர் சொல்வதோடு பொருந்துகிறது என்று எழுதிக்கொடுத்தார். 2014இல் தீர்ப்பாயம் அதே நேர்விளிம்பைக் கொண்டே வேறு முடிவுக்கு வந்தது. இவர் தானே விரும்பி இன்னொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்றது. 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. ஒருவர் தனக்குத்தானே இப்படிச் செய்வித்துக்கொள்வது மிகமிக அரிது என்பதைத் தீர்ப்பாயம் கணக்கிலெடுத்திருக்க வேண்டும் என்றது. வழக்கு மறுபடியும் கீழ்த் தீர்ப்பாயத்துக்கு, முதலிலிருந்து விசாரிப்பதற்காக அனுப்பப்பட்டது.